ஐம்பத்தைந்து நிமிடத் தொலைவு

விமான நிலையத்து விசாரணை போனை எடுப்பது அவருடைய வேலையே இல்லை. அவர் வேலை லோடு ஷீட் எழுதுவது. விமானத்தில் எத்தனை பேர், எத்தனை பெட்டி, எவ்வளவு எரிபொருள், எல்லாம் சேர்த்து எத்தனை கிலோ, அந்தக் கிலோவோடு இந்தச் சின்ன ரன்வேயிலிருந்து இன்றைய வெயிலில் எழும்ப முடியுமா என்று பார்த்து எழுதி, கேப்டனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆனால் போன் ஒயர் அவர் மேஜை வரைக்கும்தான் எட்டியது. அதனால் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் எடுத்தார்.

கேட்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்டார்கள். இங்கிருந்து விமானம் போகிற ஒரே ஊர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம்?

"அம்பத்தஞ்சு நிமிஷம்."

"அவ்வளவுதானா? பஸ்ல பதிமூணு மணி நேரம் ஆகுதே."

"பஸ் மலையைச் சுத்திக்கிட்டுப் போகுது. ஐந்நூத்தி நாப்பது கிலோமீட்டர். நாங்க மலைக்கு மேலயே போறோம். இருநூத்தித் தொண்ணூறுதான்."

எதிர்முனையில் இருப்பவர் இன்னும் போனை வைக்கவில்லை என்றால் மேலும் சொல்வார். உண்மையில் பறப்பது நாற்பத்திரண்டு நிமிடம். கதவு சாத்தியதிலிருந்து ரன்வே முனைக்கு உருண்டு போவது, இறங்கியபின் உருண்டு வந்து நிற்பது எல்லாம் சேர்ந்து மிச்சம் பதின்மூன்று. காற்று எதிரே அடித்தால் நான்கு நிமிடம் கூடும். அதற்குள் முக்கால்வாசிப் பேர் வைத்துவிடுவார்கள்.

தீயணைப்பு வண்டி ஓட்டுநர்தான் முதலில் அவரை 'அம்பத்தஞ்சு' என்று கூப்பிட்டது. ஒரு வாரத்தில் கவுண்டர், டவர், டீக்கடை எல்லாவற்றுக்கும் அது பரவிவிட்டது. அவருக்கு அதில் கோபமில்லை. உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

அந்த ஐம்பத்தைந்து நிமிடத்தை நம்பித்தான் அவர் குடும்பமே நடந்தது. பெண் பார்க்கப் போனபோது அவருக்கு இருபத்தொன்பது வயது. பெண், விமானம் போகிற அந்த ஊர் அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். நிரந்தர வேலை. இவருடையதும் நிரந்தர வேலை. யார் விடுவது என்று பேச்சு வந்தது.

"ரெண்டு பேரும் விட வேணாம் மாமா," என்றார் பெண்ணின் அப்பாவிடம். "அம்பத்தஞ்சு நிமிஷம். பெரிய நகரத்துல இருக்கிறவங்க ஆபீஸ் போறதுக்கே இதைவிட அதிக நேரம் ஆகுது."

மாமனார் விமானத்தில் ஏறியதே இல்லை. ஆகாயத்தில் போகிற மாப்பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார்.

ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் போனது. ஒரு நாளைக்கு மூன்று விமானம். பாதிக்குப் பாதி காலியாகப் போகும். ஊழியர் டிக்கெட்டுக்கு ஒரே ஒரு விதி: கடைசியில் இடம் இருந்தால் ஏறலாம், இல்லையென்றால் இல்லை. இடம் எப்போதும் இருந்தது. சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து ஏறினால் சாயங்கால டீ அங்கே. திங்கள் காலை அங்கே குளித்துவிட்டு இங்கே வந்து மேஜையில் உட்காருவார். மகள் பிறந்தபோதுகூட, வலி எடுத்துவிட்டது என்று போன் வந்து இரண்டு மணி நேரத்தில் பிரசவ அறை வாசலில் நின்றார். கீழ்த்தெருவில் இருந்த மாமனார் வந்து சேர்ந்ததே அவருக்குப் பிறகுதான். மகள் வளர்ந்தபிறகும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு மூன்று விமானம் இரண்டானது. இரண்டு ஒன்றானது. செவ்வாயும் வியாழனும் மதியம் ஒன்றரைக்கு, மற்ற நாட்களில் காலை ஏழு பத்துக்கு. ஒரே விமானம் என்பதால் நிரம்பி வழிந்தது. வாரம் ஒரு முறை என்பது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆகி, மாதம் ஒன்றாகி, சில மாதம் அதுவும் இல்லாமல் போனது. பெட்டியோடு வந்து கவுண்டர் பக்கத்தில் நின்று, கடைசிப் பயணியும் உள்ளே போனபின் பெட்டியோடு வீட்டுக்குத் திரும்புவார். வீடு என்றால் விமான நிலையத்துக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில் ஓர் அறை, ஒரு சமையலறை. சுவரில் மகள் ஐந்தாம் வகுப்பில் வரைந்த விமானம் ஒட்டியிருந்தது. விமானத்தைவிடப் பெரிதாக அதன் ஜன்னலில் ஒரு மீசைக்காரர்.

மனைவி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"இடம் கிடைக்கலேன்னா பஸ்ல வரலாமில்ல?"

"பதிமூணு மணி நேரம் குலுங்கி வந்து, பதிமூணு மணி நேரம் குலுங்கித் திரும்பணும். லீவு எல்லாம் ரோட்டுலயே போயிடும். அடுத்த வாரம் ஃபிளைட்ல வந்துடுறேன். அம்பத்தஞ்சு நிமிஷம்தானே."

"அம்பத்தஞ்சு நிமிஷத்துல இருக்கிற மனுஷனைப் பாத்து அம்பத்தஞ்சு நாள் ஆச்சு," என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

அந்தப் பாதையில் அவர் பஸ் ஏறியதே இல்லை.

மகள் கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த வருஷம், கோடையின் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகாலுக்கு மனைவியே போன் செய்தாள். விசாரணை போனில்தான். அவர் வழக்கமான குரலில் எடுத்தார்.

"நான்தாங்க. பதறாதீங்க. ஐ.சி.யூ.வுல அட்மிட் பண்ணிட்டாங்க."

"என்ன ஆச்சு?"

"மூணு நாளா காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்னு வேலைக்குப் போய்க்கிட்டு இருந்தேன். நேத்து மூச்சு வாங்குச்சு. என் ரத்தத்தை நானே எடுத்துப் பாத்தேன். வெள்ளை அணு முப்பத்தாறாயிரம்."

"அது ஜாஸ்தியா?"

"உங்க ஃபிளைட்ல நூத்தம்பது பேர் ஏறின மாதிரி."

ஐம்பது இருக்கைதான் அந்த விமானத்தில். அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரிக்கப் போய் இருமினாள். இருமல் நிற்க வெகு நேரம் ஆனது.

"பெரிய டாக்டர், வீட்டுக்காரரை வரச்சொல்லுன்னாரு," என்றாள். "என்னங்க, ஒம்பது மணிக்கு ஒரு பஸ் இருக்குல்ல? அதுல ஏறிடுங்களேன்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு இருபது. பஸ் நிலையத்துக்குப் பதினைந்து நிமிடம்.

"பஸ்ல வந்தா ராத்திரி பத்து மணி ஆயிடும். ஒன்றரை ஃபிளைட்ல ஏறினா ரெண்டே முக்காலுக்கு உன் கட்டில் பக்கத்துல நிப்பேன். எது சீக்கிரம்?"

அந்தப் பக்கம் மறுபடி இருமினாள்.

"சரி," என்றாள். "நீங்க கணக்குப் பாத்துத்தான் சொல்வீங்க."

அன்றைக்கு நாற்பத்தேழு பேர் டிக்கெட் எடுத்திருந்தார்கள். ஒருவர் ரத்து செய்துவிட்டார். ஆக நான்கு இருக்கை காலி. பதினொரு மணிக்கே அதைப் பார்த்துவிட்டு, அறைக்குப் போய்ச் சட்டை மாற்றி, ஒரு சின்னப் பையோடு வந்தார். கவுண்டர் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னார்.

"நாலு இடம் இருக்கு சார். கால் நீட்டிப் படுத்துக்கிட்டே போகலாம்," என்றாள் அவள்.

பன்னிரண்டரைக்கு லோடு ஷீட் எழுத உட்கார்ந்தார். வெளியே நாற்பத்தொரு டிகிரி. வெயில் ஏற ஏறக் காற்று மெலியும். மெலிந்த காற்றில் விமானம் குறைவான எடையைத்தான் தூக்கும். அது அவர் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அந்த ஊர் வானிலை. மலையடிவாரத்தில் மேகம் தாழ இறங்கியிருந்தது. இறங்க முடியவில்லை என்றால் இங்கேயே திரும்பிவர வேண்டும். திரும்பிவரவும் சேர்த்து எரிபொருள் நிரப்பச் சொன்னார் கேப்டன். ஏற்றிக் கொண்டிருந்த பெட்டிகளில் பதினொன்றை இறக்கி, நாளைய விமானத்துக்கு என்று ஒதுக்கிவைத்தார்கள். அப்படியும் கணக்கின் கடைசி வரியில் அறுபத்தொரு கிலோதான் மிச்சம் நின்றது.

வயது வந்த ஒருவருக்கு எழுபத்தைந்து கிலோ என்று எழுத வேண்டும். அது விதி.

மூன்று தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து போய், பெட்டி எடை போடும் தராசில் ஏறி நின்றார். அறுபத்தாறு. பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏறியிருந்தார். செருப்பைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். சட்டைப்பையில் இருந்த சாவிக்கொத்து, பர்ஸ், பேனா எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தார். அறுபத்து நான்கு.

"மூணு கிலோதானே சார்," என்றாள் கவுண்டர் பெண். "உங்களை எழுதாமலே விட்டுடுங்க. யாரு பாக்கப் போறாங்க?"

"விமானம் பாக்கும்மா."

"இன்னொரு பெட்டியை இறக்கச் சொல்லலாமே."

"காசு கொடுத்தவங்க பெட்டியை இறக்கிட்டு ஊழியன் ஏறக்கூடாது."

வரிசையில் நின்ற யாரிடமாவது கேட்டிருக்கலாம். என் மனைவிக்கு முடியவில்லை, நீங்கள் நாளைக்குப் போக முடியுமா என்று. யாராவது ஒருவர் இறங்கியிருப்பார். ஆனால் இதே கவுண்டரில் அவர் முன்னால் எத்தனை பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றவர்கள், நாளைக்கு இன்டர்வியூ என்றவர்கள். எல்லோரிடமும் அவர் ஒன்றையே சொல்லியிருந்தார். அடுத்த ஃபிளைட்ல போங்க, அம்பத்தஞ்சு நிமிஷம்தான். இப்போது வாய் திறக்க அவருக்கு வரவில்லை. பயணிகள் நாற்பத்தாறு, ஊழியர் இல்லை என்று எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு தாளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கேப்டனிடம் கொடுத்தார். காலி இருக்கை நான்கோடு விமானம் எழும்பிப் போனது.

தீயணைப்பு ஓட்டுநர் தேடிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, கிளம்புங்க. என் கார் வெளியே நிக்குது. நான் மிதிச்சா பத்து மணி நேரம்."

"இப்ப கிளம்பினா ராத்திரி பன்னெண்டு ஆகும்பா. ஐ.சி.யூ.வுக்குள்ள அந்நேரம் விடமாட்டாங்க. எப்படியும் காலையிலதான் பாக்க முடியும். காலை ஃபிளைட் எட்டு மணிக்கு அங்க இருக்கும். காலைல வெயில் இல்ல, எடைப் பிரச்சனை இல்ல. ரெண்டு சீட் காலி, பாத்துட்டேன்."

"எல்லாத்துக்கும் ஒரு கணக்கு வெச்சிருக்கீங்க. ஃபிளைட்டு உங்க பேச்சைக் கேக்கும்னு எப்படிச் சொல்றீங்க?"

"நீ தண்ணி அடிக்கிற வேலையைப் பாருப்பா. நெருப்பு வரட்டும், உன்னைக் கூப்பிடுறேன்."

மகளுக்குப் போன் செய்து, நாளைக் காலை எட்டரைக்கு என்றார். "அம்மாகிட்ட சொல்லுங்கப்பா" என்றாள் மகள். போன் கை மாறியது. மூக்கில் குழாய் வைத்திருந்ததால் மனைவியின் குரல் வேறு மாதிரி வந்தது.

"ஏறிட்டீங்களா?"

"நாளைக் காலையில ஏறிடுவேன்."

"பஸ்ல ஏறியிருந்தா பாதி தூரம் வந்திருப்பீங்க," என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. கணக்கைச் சரிபார்க்கும் குரல்.

புதன்கிழமை காலை எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. இருபத்தேழு டிகிரி. நாற்பத்தெட்டுப் பயணிகள். நேற்று விட்டுப்போன பதினொரு பெட்டியும் ஏறின. அந்த ஊரில் மேகம் மேலே தூக்கியிருக்கிறது, இறங்கலாம் என்று தகவல் வந்தது. இருந்தாலும் திரும்பிவர எரிபொருள் போட்டார்கள். அவரே எழுதினார். நாற்பத்தொன்பதாவது ஆளாகத் தன்னையும் எழுதி, கடைசி வரிசை ஜன்னல் இருக்கையில் உட்கார்ந்தார். ஏழு பதினெட்டுக்குச் சக்கரம் தரையை விட்டது. கைக்கடிகாரத்தில் குறித்துக்கொண்டார்.

மலை கீழே போனது. பஸ் போகிற சாலை அங்கங்கே ஒரு நூல்போலத் தெரிந்து மறைந்தது. ஏழு ஐம்பதுக்கு விமானம் தாழ ஆரம்பித்து, வெள்ளைக்குள் புகுந்தது. ஜன்னலில் இறக்கை நுனிகூடத் தெரியவில்லை. என்ஜின் சத்தம் திடீரென்று கூடியது. மறுபடி மேலே ஏறினார்கள். வட்டமடித்தார்கள். இன்னொரு தடவை இறங்கி, இன்னொரு தடவை ஏறினார்கள்.

அவருக்கு அந்த வட்டம் தெரியும். விமான நிலையத்துக்குத் தெற்கே திரும்பினால் மருத்துவமனைக்கு மேலேதான் வரவேண்டும். எத்தனையோ சனிக்கிழமை அதன் மஞ்சள் கட்டிடத்தை ஜன்னல் வழியாகப் பார்த்து, அதோ இருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார். இப்போது பஞ்சு மட்டும் தெரிந்தது. நாலு தடவை அவள் தலைக்கு மேலே சுற்றினார். உயரம் ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். அவர் வாழ்நாளில் போட்ட கணக்கிலேயே மிகக் குறைந்த தூரம் அதுதான்.

எட்டரைக்கு, மன்னிக்க வேண்டும், மேகம் விலகவில்லை, புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறோம் என்று கேப்டன் அறிவித்தார். முன்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவர் எழுதிவைத்த எரிபொருள், எழுதியபடியே, அவரைச் சுமந்து மலையைத் தாண்டித் திரும்பக் கொண்டுவந்தது.

தரை தொட்டபோது ஒன்பது பன்னிரண்டு. ஒன்பது மணி பஸ் போய்விட்டிருந்தது. இன்று இனி விமானம் கிடையாது.

தீயணைப்பு ஓட்டுநர் சீருடையை மாற்றாமலேயே காரை விமான நிலைய வாசலுக்குக் கொண்டுவந்து, முன்கதவைத் திறந்துவிட்டான். அவர் ஏறி உட்கார்ந்தார். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஓட்டுநர் கேட்டான்.

"இந்த வழியில நீங்க வந்ததே இல்லையா அண்ணே?"

"மேலேயிருந்து பாத்திருக்கேன்."

ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, எதிரே வருகிற வண்டிக்காகப் பாறையோரம் ஒதுங்கி நின்று போனார்கள். அவர் மடியில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைல் கற்களைப் படித்தார். முந்நூற்று எண்பது. முந்நூற்று எழுபத்தொன்பது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே இவ்வளவு மரம், இவ்வளவு கடை, இவ்வளவு ஆட்கள் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது.

மதியம் இரண்டே முக்காலுக்கு, ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்றிருந்தபோது, மகளின் போன் வந்தது.

"எங்க இருக்கீங்கப்பா?"

எப்போதும் இத்தனை நிமிடம் என்று பதில் சொல்லிப் பழகியவர், பங்க்கின் பெயர்ப்பலகையைப் பார்த்தார். அதில் ஊர் பெயர் இல்லை.

"தெரியலம்மா. பாதிக்கு மேல வந்துட்டேன்."

"மெதுவாவே வாங்க," என்றாள். பிறகு, "ரெண்டு இருபதுக்கு," என்றாள். அதற்குப் பிறகு அவளால் பேச முடியவில்லை. பக்கத்தில் இருந்த யாரோ போனை வாங்கி, நடந்ததைச் சொன்னார்கள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். ஓட்டுநர் பெட்ரோல் மூடியைத் திருகிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, திருகுவதை நிறுத்தினான்.

இரவு எட்டு மணிக்குச் சற்று முன் போய்ச் சேர்ந்தார்கள். பிணவறைத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"நேத்து பூரா நல்லா பேசினாங்க," என்றாள். "ராத்திரி பத்து மணிக்குக்கூட பேசினாங்க. இன்னிக்குப் பதினொரு மணி வரைக்கும் நினைவு இருந்துச்சு. ஐ.சி.யூ.வுல எல்லாருக்கும் அம்மாவைத் தெரியும். எந்நேரமும் உள்ள விட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார்.

"அப்பா வர எவ்வளவு நேரம்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் அம்பத்தஞ்சு நிமிஷம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேட்டாங்க. மறுபடி அதையேதான் சொன்னேன். காலைல எட்டு மணிக்கு ஃபிளைட் சத்தம் கேட்டுச்சு. வந்துட்டாருன்னு சொன்னாங்க. நானும் ஆமான்னுட்டேன்."

பதினாறு நாள் அங்கே இருந்தார். மகள் சமைத்தாள், அவர் பாத்திரம் கழுவினார். ஒருவருக்கொருவர் உப்பு போதுமா, கதவைச் சாத்தினாயா என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. இங்கேயே வந்துவிடுகிறேன் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தார். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப எதுக்குப்பா?" என்றாள்.

கிளம்புகிற அன்று விமானத்தில் ஒன்பது இருக்கை காலி என்று கவுண்டர் பெண் போன் செய்து சொன்னாள். அவர் பஸ்ஸில் போவதாகச் சொல்லிவிட்டார். மகள் வாசல் வரை வந்தாள்.

"அடுத்த மாசம் வரேன்."

"சொல்லிட்டுக் கிளம்பாதீங்கப்பா," என்றாள். "கிளம்பிட்டுச் சொல்லுங்க."

வேலையில் சேர்ந்த அன்றே ஒயரை நீட்டச் சொல்லி, விசாரணை போனைக் கவுண்டர் பெண்ணின் மேஜைக்கு மாற்றினார். ஒயரை நீட்ட அரை மணி நேரம்தான் ஆனது. யாரும் அதன்பின் அவரை அந்தப் பட்டப்பெயரால் கூப்பிடவில்லை. கவுண்டர் பெண்கூட, போனில் நேரத்தைச் சொல்லும்போது, அவர் பக்கம் திரும்பாமல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள்.

மாதம் ஒரு தடவை, ஒன்பது மணி பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்து போகிறார். நிலையத்தை விட்டு வண்டி வெளியே திரும்பி, முதல் சிக்னலைத் தாண்டியதும் மகளுக்குப் போன் செய்வார்.

"கிளம்பிட்டேன்மா."

"சரி," என்று வைத்துவிடுவாள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் கேட்பதில்லை.